கோஷா ஆஸ்பத்திரியைத் தந்த மேரி ஷார்லீப் அம்மையார்



நம் கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு மலருக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு சாதனைப் பெண்மணியைப் பற்றி எழுதித் தரணும் என்று கூட்டத்தில் முடிவு செய்தோம். ஜான்சி ராணி, அன்னை தெரசா, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று மற்ற குழுக்கள் முன்னாடியே பேர் கொடுத்துவிட்டார்கள். மாத்தூர் எம்.எம்.டி.ஏ. பகுதியிலிருந்து எங்கள் குழு சார்பாக நான் எழுத வந்திருப்பது, நிறைய பேருக்குப் பேர் தெரியாத ஒரு டாக்டரம்மாவைப் பற்றி. பேர் தெரியாது, ஆனால் அவர் ஆரம்பித்த ஆஸ்பத்திரி தெரியாதவர் சென்னையில் இல்லை. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. இன்றைக்கு அரசு கஸ்தூரிபா காந்தி தாய் சேய் மருத்துவமனை என்று போர்டு இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் நேராகக் கொண்டுபோய் விடுவார்.

இவரை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதற்கு என் கதையைக் கொஞ்சம் சொல்லணும்.

என் இரண்டு பிள்ளைகளும் ஆபரேஷனில் பிறந்தவர்கள். மூத்தவன் 2006-ல், சின்னவள் 2010-ல். முதல் ஆபரேஷனில் தையல் வலிதான் தெரிந்தது. இரண்டாவதில் அன்று ராத்திரி முதுகில் போட்ட ஊசியின் மரப்பு இறங்கியதும் வேற ஒரு வலி வந்தது. குழந்தை மார்பில் வாய் வைத்ததும் அடிவயிற்றுக்குள்ளே யாரோ கையை விட்டுத் துணியைப் பிழிகிற மாதிரி இருக்கும். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் இழுத்துப் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும். உள்தையல் பிரிந்துபோச்சு என்றே நினைத்தேன். ஆயாம்மாவிடம் சொன்னேன். எல்லாருக்கும் இருக்கிறதுதான், நீ மட்டும் அதிசயமா பெத்தியா என்று கேட்டார். வலி மாத்திரை கேட்கலாம் என்றால், பாலில் மருந்து இறங்கிப் பிள்ளைக்கு ஆகாது என்று என் மாமியார் தடுத்துவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் நாலு பிள்ளைகளை வீட்டிலேயே பெத்தவர், பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினவர்.

நான் செய்த தப்பு என்ன தெரியுமா? பால் கொடுத்தால்தானே வலிக்கிறது என்று, பால் கொடுப்பதையே தள்ளிப்போட்டேன். இரண்டு நாளில் மார்பு கல்லாகக் கட்டிப்போச்சு. பிள்ளை கத்திக் கத்தி ஓய்ந்துபோச்சு. மூன்றாம் நாள் ராத்திரி டியூட்டிக்கு வந்த ஒரு நர்ஸம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கின பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் மேரி அம்மையார்.

பிறந்தபோதே தாயை இழந்தவர்

மேரி 1845-ஆம் வருஷம் ஜூன் 18-ல் லண்டனில் பிறந்தார். அவர் பிறந்த பத்தாவது நாள் அவரைப் பெத்த தாய் பிரசவக் காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, எல்லாம் முடிந்தது என்று வீட்டார் மூச்சு விட்ட பிறகு வருகிற காய்ச்சல் அது. கர்ப்பப்பைக்குள்ளே கிருமி போய்விடுவதால் வருவது. அந்தக் காலத்தில் கிருமி என்ற விஷயமே டாக்டர்களுக்குத் தெரியாது. பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்கப் போவார்கள். இரண்டு வருஷம் கழித்து 1847-ல்தான் வியன்னா நகரத்தில் செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர், குளோரின் கலந்த தண்ணீரில் கையைக் கழுவிவிட்டுப் பிரசவம் பார்த்தால் தாய்மார் சாவு மளமளவென்று குறைகிறது என்று காட்டினார். அதையும் பல டாக்டர்கள் ரொம்ப காலம் ஒத்துக்கொள்ளவில்லை.

தாயில்லாத பிள்ளையைப் பாட்டி வீட்டில் வைத்து வளர்த்தார்கள். 1865 கடைசியில் வில்லியம் ஷார்லீப் என்ற வக்கீலோடு அவருக்குக் கல்யாணம் நடந்தது. கணவருக்குத் தொழில் சென்னையில். 1866-ல், இருபத்தொரு வயதுக்குள்ளாக, மேரி இங்கே வந்து சேர்ந்தார்.

அன்றைய சென்னையை நம்ம வடசென்னைக்காரர்கள் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். துறைமுகம் கட்டவில்லை. கப்பல் கடலில் நிற்கும், ஆட்கள் படகில் கரைக்கு வரணும். சென்ட்ரல் ஸ்டேஷன் கிடையாது, 1856-ல் திறந்த நம்ம ராயபுரம் ஸ்டேஷன்தான் ஊருக்கே ஸ்டேஷன். வெள்ளைக்கார வக்கீல் வீட்டம்மா என்றால் வேலைக்காரர்களை வைத்துக்கொண்டு சொகுசாக இருந்திருக்கலாம். மேரி கணவருடைய சட்டப் பத்திரிகை வேலைகளில் உதவி செய்துகொண்டு, மூன்று பிள்ளைகளையும் பெத்து வளர்த்துக்கொண்டிருந்தார்.

காதில் விழுந்த சேதி

அப்போதுதான் இந்த ஊர்ப் பெண்கள் பிரசவத்தில் படும் பாடு அவர் காதில் விழ ஆரம்பித்தது. எழும்பூரில் 1844-லிருந்தே பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் டாக்டர்கள் எல்லாரும் ஆண்கள். கோஷா முறையில் இருந்த முஸ்லிம் பெண்களும், கட்டுப்பாடான இந்துக் குடும்பப் பெண்களும் ஆம்பளை டாக்டர் முன்னால் போக மாட்டார்கள், வீட்டாரும் விட மாட்டார்கள். பிள்ளை குறுக்கே கிடந்தாலும், ரத்தம் நிற்காமல் போனாலும், காய்ச்சல் வந்தாலும் அந்த அறைக்குள்ளேயே முடிந்துபோக வேண்டியதுதான்.

பத்தாம் நாள் தாயை இழந்த ஒரு பெண்ணுக்கு இந்தச் சேதி எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். மேரி கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. முதலில் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டார். அது போதாது, முழு டாக்டராக ஆனால்தான் சிக்கலான கேஸைப் பார்க்க முடியும் என்று தெரிந்தது.

அந்த நேரத்தில் இங்கிலாந்திலேயே பெண்கள் டாக்டருக்குப் படிக்கப் பெரிய போராட்டம். சென்னையில் சர்ஜன் ஜெனரலாக இருந்த எட்வர்ட் பால்ஃபர் பெண்கள் படிக்க ஆதரவாக இருந்தார். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்களைச் சேர்த்தார்கள். அதில் ஒருவர் மேரி. வயது முப்பது. வீட்டில் மூன்று பிள்ளைகள். எல்லா வாத்தியார்களும் ஆசையாகச் சொல்லிக்கொடுத்துவிடவில்லை. இருந்தும் 1878-ல் படிப்பை முடித்தார்.

முப்பது வயதுக்கு மேல் எனக்கு எதுக்கு டெய்லரிங் டிரெய்னிங், கம்ப்யூட்டர் டிரெய்னிங் என்று நம்ம குழுவில் சில பேர் சொல்வோமே, அவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

லண்டன், வியன்னா, மறுபடி சென்னை

சென்னைப் படிப்பு போதாது என்று 1878-ல் இங்கிலாந்து போனார். கணவர் சென்னையில் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எலிசபெத் கேரட் ஆண்டர்சன் அம்மையார் முதலான பெண் டாக்டர்கள் நடத்திய பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1882-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். பிரசவ மருத்துவத்தில் தங்கப் பதக்கம். அந்தப் பரீட்சையை ஆண்களோடு சேர்ந்துதான் எழுதினார் என்பதை மறக்கக் கூடாது. அதன் பிறகு பிரசவ ஆபரேஷன்களில் பயிற்சி பெற வியன்னாவுக்குப் போனார். டாக்டர்கள் கை கழுவணும் என்று செம்மல்வெய்ஸ் போராடிய அதே ஊர்.

அந்த 1882-ஆம் வருஷத்தில்தான் சிசேரியன் ஆபரேஷனிலும் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. அதுக்கு முன்னால் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தால், கர்ப்பப்பையில் போட்ட வெட்டைத் தைக்காமல் அப்படியே விட்டுவிடுவார்களாம். கர்ப்பப்பை தானே சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நம்பினார்கள். பெரும்பாலான தாய்மார்கள் ரத்தம் போயும் கிருமி பரவியும் செத்தார்கள். ஜெர்மனியில் மாக்ஸ் சாங்கர் என்ற டாக்டர் கர்ப்பப்பையை ஒழுங்காக அடுக்கடுக்காகத் தைத்து மூடணும் என்று 1882-ல் எழுதினார். இன்றைக்கு நம்மில் எத்தனை பேர் ஆபரேஷனில் பிள்ளை பெத்து நடமாடிக்கொண்டிருக்கிறோமோ, அத்தனை பேருக்கும் அந்தத் தையல் வேலைக்கு ஒரு கடன் உண்டு.

1883-ல் சென்னைக்குத் திரும்பும் முன்னால் விக்டோரியா ராணியைப் பார்த்து, இந்தியப் பெண்களின் நிலைமையை மேரி நேரில் எடுத்துச் சொன்னார். ராணியும் ஒன்பது பிள்ளை பெத்தவர். 1853-ல் எட்டாவது பிரசவத்தில் வலி தெரியாமல் இருக்கக் குளோரோஃபார்ம் மருந்தை முகர்ந்தவர். எடின்பரோவில் சிம்சன் என்ற டாக்டர் அந்த மருந்தைப் பிரசவத்துக்கு 1847-ல் முதலில் பயன்படுத்தியபோது, பிரசவ வலி கடவுள் கொடுத்தது, அதைக் குறைப்பது பாவம் என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள். ராணியே வாங்கிக்கொண்டார் என்றதும் எதிர்ப்பு அடங்க ஆரம்பித்தது. அதைப் படித்தபோது என் மாமியாரை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். வலியைப் பொறுப்பதுதான் தாய்மை என்ற பேச்சு நம்ம ஊரில் மட்டும் இல்லை போல.

கோஷா ஆஸ்பத்திரி

சென்னைக்கு வந்த மேரி வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். மருத்துவக் கல்லூரியில் பிரசவப் பாடமும் நடத்தினார். ஆனால் வீட்டில் வைத்து ஆபரேஷன் செய்ய முடியுமா? பெண்களுக்காகப் பெண்களே நடத்தும் ஆஸ்பத்திரி ஒன்று வேணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1885-ல் நுங்கம்பாக்கத்தில் ஒரு கட்டடத்தில் அது ஆரம்பமாச்சு. விக்டோரியா ராணியின் பேரை வைத்து, சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான ஆஸ்பத்திரி என்று பேர் கொடுத்தார்கள். அந்தப் பேரைப் பார்த்தால் எல்லாப் பெண்களையும் சேர்த்து நினைக்கவில்லையே என்று இன்றைக்கு நமக்குத் தோன்றும். அது நியாயமான கேள்விதான். வெளியே வர முடியாத பெண்களை எப்படியாவது வரவைக்கணும் என்று வைத்த பேர் அது. காலம் போகப் போக அந்தக் கதவு எல்லாருக்கும் திறந்தது. 1890-ல் வெங்கடகிரி ராஜா கொடுத்த உதவியோடு சேப்பாக்கத்தில் இப்போது இருக்கும் இடத்துக்கு ஆஸ்பத்திரி மாறியது.

அந்தக் கட்டடத்தை மேரி இங்கே இருந்து பார்க்கவில்லை. ஓயாத வேலையில் உடம்பு கெட்டு 1887-லேயே இங்கிலாந்து திரும்பிவிட்டார். அங்கேயும் ஓய்வெடுக்கவில்லை. 1888-ல் எம்.டி. பட்டம். லண்டன் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண்களில் ஒருவர். பெண்கள் ஆஸ்பத்திரியில் வயிற்று ஆபரேஷன்களில் பேர் பெற்ற சர்ஜன். 1891-ல் கணவர் இறந்த பிறகும் உழைப்பை நிறுத்தவில்லை. 1926-ல் அரசாங்கம் டேம் என்ற பட்டம் கொடுத்துக் கௌரவித்தது. 1930 நவம்பர் 21-ல், எண்பத்தைந்தாம் வயதில் காலமானார்.

அவர் நுழைந்த அதே கல்லூரிக்குள் 1907-ல் புதுக்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்தவர்தான் நம்ம டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இன்றைக்கு நம்ம வீட்டுப் பெண்கள் மகப்பேறு நிதியுதவி வாங்கும் திட்டத்துக்கு அவர் பேர்தான் இருக்கிறது.

அந்த நர்ஸம்மா சொன்னது

என் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு ராத்திரி நர்ஸம்மா விளக்கியது இதுதான். பிள்ளை வெளியே வந்ததும் கர்ப்பப்பை சுமார் ஒரு கிலோ எடை இருக்கும். ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே வந்துவிடணும். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் திறந்து கிடக்கும். கர்ப்பப்பை இறுகிச் சுருங்கினால்தான் அந்தக் குழாய்கள் நெரிபட்டு ரத்தம் நிற்கும். சுகப்பிரசவமோ ஆபரேஷனோ, இந்தச் சுருக்கம் எல்லாருக்கும் உண்டு. பிள்ளை பால் குடிக்கும்போது ஆக்சிடோசின் என்ற சுரப்பு உடம்பில் ஊறும். பாலை இறக்குவதும் அதுதான், கர்ப்பப்பையைச் சுருக்குவதும் அதுதான். அதனால்தான் பால் கொடுக்கும்போது வலி கூடுகிறது. தையல் பிரியவில்லை, உடம்பு தன் வேலையைச் செய்கிறது. இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்கு வலி அதிகமாகத் தெரியும். முதல் இரண்டு மூன்று நாள் கடுமையாக இருந்து, பிறகு படிப்படியாகக் குறையணும்.

வலியைப் பொறுத்துக்கொள்ளணும் என்று கட்டாயம் இல்லை என்றும் அவர் புரியவைத்தார். பாராசிட்டமால், ஐபுபுரூஃபென் மாதிரி மாத்திரைகள் பாலில் ரொம்பக் கொஞ்சமாகத்தான் சேரும். டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில், எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் போடணும். வலி உச்சத்துக்குப் போன பிறகு தேடக் கூடாது. வீசிங், அல்சர், பிரஷர், கிட்னி தொந்தரவு இருப்பவர்கள் அதை முன்னாடியே டாக்டரிடம் சொல்லிவிடணும். மெடிக்கல் ஷாப்பில் நாமாக வாங்கிப் போடக் கூடாது. மூத்திரத்தை அடக்காமல் அடிக்கடி போனால் கர்ப்பப்பை சுருங்க இடம் கிடைக்கும். ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுத்தால் தையல் மேல் பிள்ளையின் கனம் விழாது. இருமும்போது வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளணும். மாத்திரை போட்டுவிட்டு மெல்ல எழுந்து நடக்கணும்.

அன்றைக்கு மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சின்னவளைத் தூக்கிப் பால் கொடுத்தேன். வலித்தது. ஆனால் பயம் போயிருந்தது. பயம் போனதும் வலியில் பாதி போன மாதிரி இருந்தது.

எட்டாம் நாள் காய்ச்சல்

சில வருஷம் கழித்து எங்கள் குழுவில் ஒரு அக்காவின் மகளுக்கு ஆபரேஷனில் ஆண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்து எட்டாம் நாள் வயிற்று வலி என்று சுருண்டு படுத்துவிட்டாள். உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே போகிற வலிதான், பச்சை உடம்புக்காரிக்கு அப்படித்தான் இருக்கும் என்று சுற்றி இருந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சந்தா வசூலிக்கப் போன நான் அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. தீட்டு நாற்றம் அடித்தது. நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடிக்கொண்டே போகிறது என்றாள். எனக்கு நர்ஸம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. குறைகிற வலி நம்ம வலி, கூடுகிற வலி ஆஸ்பத்திரி வலி. 108-க்குப் போன் செய்தோம். கர்ப்பப்பையில் கிருமி என்று சேர்த்துக்கொண்டு நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் பிழைத்து வீடு வந்தாள். இன்றைக்கு அந்தப் பையன் பள்ளிக்கூடம் போகிறான்.

பிறகு என் சின்னவள் பள்ளிக்கூட வேலைக்காக நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தில்தான் மேரி அம்மையாரைப் பற்றிப் படித்தேன். பத்தாம் நாள் இறந்த தாய் என்ற வரியில் என் கண் நின்றுவிட்டது. அந்தத் தாய்க்கு வந்ததும் இதே காய்ச்சல்தான். லண்டனில் 1845-ல் அதுக்கு மருந்து இல்லை. மாத்தூரில் நமக்கு மருந்து இருக்கிறது. கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள்தான் வேணும்.

அதனால் நம் கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ஒன்று. எந்தக் குழு உறுப்பினர் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், முதல் இரண்டு வாரத்தில் குழுவிலிருந்து ஒருவர் போய்ப் பார்த்து இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டு வரணும்.

வலி நாளுக்கு நாள் குறைகிறதா, கூடுகிறதா?
காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருக்கிறதா?
தீட்டு நாற்றம் அடிக்கிறதா? ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைகிறதா? பெரிய கட்டியாக வருகிறதா?
தையல் போட்ட இடம் சிவந்து, சீழ் வைத்திருக்கிறதா?
கெண்டைக்காலில் வீக்கம் வலி, மூச்சு வாங்குவது, கடுமையான தலைவலி, கண் மங்குவது உண்டா?
வலி மாத்திரை கையில் இருக்கிறதா, நேரத்துக்குப் போடுகிறாளா?

முதல் கேள்விக்குக் கூடுகிறது என்றோ, அடுத்த நான்கில் எதுக்காவது ஆமாம் என்றோ பதில் வந்தால், மாமியாரைக் கேட்கணும், வீட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108. கடைசிக் கேள்விக்கு இல்லை என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகணும்.

கடன் கொடுத்து வாங்குவது மட்டும் குழு வேலை இல்லை. வெளியே வர முடியாத பெண்களைத் தேடி மேரி அம்மையார் வீடு வீடாகப் போனார். நமக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போனால் போதும்.